மண் மூடிய கீறல்

அடி அண்ணாமலையைத் தாண்டாமல் கிரிவலம் முடியாது. மலைக்கு மேற்கே, 14 கிலோமீட்டர் பாதையில் ஏறக்குறையப் பாதி வழியில் இருக்கிறது அந்தப் பழைய கோயில்.

அங்கே ஒரு நாள் பாதையோரத்தில் இயந்திரம் பள்ளம் வெட்டிக்கொண்டிருந்தது. திடீரென்று ஒரு கிழவர், "நிறுத்துப்பா! குடிதண்ணிக் குழா போவுது!" என்று கூவினார். மண்வெட்டியால் பதமாகச் சுரண்டினார். குழாய் தலைகாட்டியது.

"எப்படித் தெரிந்தது, பெரியவரே?" என்றேன்.

"பொதைக்கும்போது நான்தான் சாமி கூட இருந்தேன்."

அந்த இயந்திரத்தை நம் ஜனங்கள் 'பொக்லைன்' என்கிறார்கள். அது பிரான்ஸ் தேசத்துக் கம்பெனி ஒன்றின் பெயர். 'ஜே.சி.பி.' என்பதோ 1945-ல் ஜோசப் சிரில் பாம்ஃபோர்டு என்ற ஆங்கிலேயர் தொடங்கிய கம்பெனி. பெயர்கள் வந்துவிட்டன, ஜாக்கிரதை வந்ததா? மண்வெட்டி பிடித்த கைக்குக் கல் எது, குழாய் எது என்று தெரியும். எஃகுக் கைக்குத் தெரியாதே!

பெல்ஜியத்தில் கிஸ்லெங்கியன் என்று ஓர் ஊர். 2004 ஜூலை 30-ஆம் தேதி அங்கே பூமிக்கடியில் சென்ற எரிவாயுக் குழாய் வெடித்து 24 பேர் மாண்டார்கள். கசிவு என்று கேட்டு ஓடிவந்த தீயணைப்பு வீரர்களும் அவர்களில் உண்டு. விசாரித்ததில், பக்கத்தில் நடந்த கட்டட வேலையின்போது ஒரு கனத்த இயந்திரம் அந்தக் குழாயை முன்னமே கீறியிருந்தது தெரிந்தது. கீறிய அன்று குழாய் உடையவில்லை. உள்ளே அழுத்தம் கூடிய நாளில் உடைந்தது. கீறலை அன்றே யாராவது வாய்திறந்து சொல்லியிருந்தால்?

நம் நாட்டில் 2023 மார்ச் 22-ஆம் தேதி ஒரு கைப்பேசிச் செயலியை மத்திய அரசு தொடங்கியது. தோண்டப் போகிறவர் இடத்தைச் சொன்னால், அங்கே குழாயும் கம்பியும் புதைத்தவர்களுக்குச் செய்தி போகும். கண்ணாடி இழைக் கம்பிகள் மட்டும் ஆண்டுக்குப் பத்து லட்சம் தடவை அறுபடுகின்றன, நஷ்டம் 3,000 கோடி ரூபாய் என்று அப்போது அரசே கணக்குச் சொன்னது.

நல்ல ஏற்பாடுதான். கார்த்திகை தீபத்தன்று லட்சோபலட்சம் பேர் நடக்கும் பாதை இது. அவர்கள் காலடியில் இருப்பது ஒரு கிழவரின் ஞாபகத்தில் மட்டும் இருந்தால் போதுமா?

ஆனால் செயலி வெட்டுவதற்கு முன்புதான் பேசும். வெட்டும்போது கீறல் விழுந்தால் பேச வேண்டியவன் வண்டி ஓட்டுகிறவன். "கீறிவிட்டேன், ஐயா" என்று வந்து நிற்பவனின் கூலியைப் பிடித்தால், அடுத்த முறை அவன் என்ன செய்வான்? மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் பேசாமல் போய்விடுவான்.

அவனைத் திட்டாமல் கேட்டுக்கொள்ளும் மேஸ்திரிதான் இன்னும் வேண்டும்.