விந்தணுவைப் பக்குவப்படுத்துவது எது?

குழந்தைக்குத் தாய் பொருளை மட்டுமே தருகிறாள். உருவைத் தருவது தந்தையின் விந்தே என்றார் அரிஸ்டாட்டில். பெண்ணின் பங்கைச் சுருக்கிய இக்கருத்துக்கு ஆய்வுக்கூடம் அளித்த விடையை நாம் அறிதல் நலம்.

பாலூட்டிகளின் முட்டையையும் விந்தணுவையும் உடலுக்கு வெளியே இணைக்க 1878இல் வியன்னாவில் ஷெங்க் முயன்றார். அதன்பின் பல பத்தாண்டுகள் ஐயமற்ற வெற்றி எவருக்கும் கிட்டவில்லை. 1951இல் ஆஸ்திரேலியாவில் ஆஸ்டினும் அமெரிக்காவில் சாங்கும் தனித்தனியே காரணத்தைக் கண்டறிந்தனர்: பெண்ணுடலின் கருப்பாதையில் சில மணி நேரம் தங்கிப் பக்குவமடைந்த பின்னரே விந்தணு முட்டையினுள் நுழைய வல்லதாகிறது. அவ்வாறு பக்குவமடைந்த விந்தணுக்களைக் கொண்டே முயலின் முட்டைகளைக் கண்ணாடிக் கலத்தில் கருவுறச் செய்தார் சாங். அவற்றிலிருந்து குட்டிகள் உயிருடன் பிறந்ததை 1959இல் அவர் வெளியிட்டார்.

ஆக, பெண்ணுடல் விந்தை ஏற்கும் வெறும் கலம் அன்று. இயற்கையில் விந்தணுவுக்கு அதன் ஆற்றலை நிறைவாக்கித் தருவதே அதுதான்.