நாட்பட்ட முதுகு வலி: உடற்பயிற்சிச் சிகிச்சையும் அக்குபங்சரும்

விலா எலும்புகளின் கீழ்விளிம்புக்கும் பிட்டத்தின் மடிப்புக்கும் இடைப்பட்ட பிரதேசத்தில் தோன்றி, பன்னிரண்டு வாரங்கள் கடந்தும் தீராமல் நிற்கும் வலியை மருத்துவர்கள் நாட்பட்ட கீழ்முதுகு வலி என்பர். உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்குப்படி 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 61.9 கோடிப் பேர் கீழ்முதுகு வலியால் வருந்தினர். இவர்களுள் மிகப் பெரும்பான்மையோரிடம் இன்னது என்று சுட்டிக் காட்டத்தக்க காரணம் எதுவும் அகப்படுவதில்லை. எம்.ஆர்.ஐ. படத்தில் டிஸ்க் தேய்ந்தும் பிதுங்கியும் தெரிவது, வலியென்பதையே அறியாத நடுவயதினரிடத்தும் சாதாரணமாகக் காணப்படுவதாகையால், அப்படத்தை மட்டும் பிரமாணமாகக் கொண்டு காரணத்தை நிச்சயிப்பதற்கில்லை. காரணம் புலப்படாத இவ்விடத்திலேதான் சிகிச்சைகள் பலவாகக் கிளைத்து, எதை நாடுவது என்று நோயாளி திகைக்க நேர்கிறது.

சிறுநீர் கட்டிக்கொள்ளுதல் அல்லது கட்டுப்பாடின்றிப் போதல், மலவாயைச் சுற்றிலும் தொடையின் உட்புறத்திலும் உணர்ச்சி மரத்தல், கால் நாளுக்கு நாள் பலவீனப்படுதல், காய்ச்சல், காரணமில்லாத உடல் மெலிவு, கீழே விழுந்தபின் தோன்றிய கடும் வலி ஆகியவற்றுள் ஒன்றேனும் உடையவர்க்குப் பயிற்சியா ஊசியா என்ற ஆராய்ச்சியே பொருந்தாது. அவர்கள் தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டியவர்கள்.

முதுகு வலிக்காரனைப் பலகையில் படுக்கவைப்பதே வைத்தியம் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. அந்நம்பிக்கையை அசைத்த பரிசோதனைகளுள் பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில் 186 நகராட்சி ஊழியர்களைக் கொண்டு நடத்தப்பெற்று 1995இல் வெளியானது முக்கியமானது. புதிதாக வலி கண்ட அவர்களுள், இரண்டு நாள் படுத்திருந்தவர்களையும் முதுகுக்கென்று தனிப் பயிற்சி செய்தவர்களையும் காட்டிலும், வலி பொறுக்கும் அளவுக்கு அன்றாட வேலையைத் தொடர்ந்தவர்களே விரைவாகத் தேறினர். ஆகவே, வலி வந்த முதல் சில வாரங்களில் விசேஷச் சிகிச்சை எதையும் தேடி அலையாமல் இயன்றவரை நடமாடுவதே உத்தமம். பயிற்சிச் சிகிச்சையின் பெருமை விளங்குவது வலி நாட்பட்ட பிறகுதான்.

அப்போது நோயாளியை வருத்துவது வலி மாத்திரமன்று. வலிக்கு அஞ்சிக் குனியாமலும் தூக்காமலும் இருந்து இருந்து தளர்ந்துபோன தசைகளும், அந்த அச்சமுமே அவரை முடக்குகின்றன. பிசியோதெரபி நிபுணர் முதல் நாளில், மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கி இடுப்பை மெல்ல உயர்த்தச் சொல்வார். பிறகு கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி நின்று வலக்கையையும் இடக்காலையும் ஒருங்கே நீட்டச் செய்வார். கைப்பிடியைப் பற்றாமல் நாற்காலியிலிருந்து எழுவது, தண்ணீர்க் குடத்தை முழங்கால் மடக்கி எடுப்பது என்று பயிற்சி வீட்டு வேலைகளை நோக்கி வளரும். வலி குறைந்த நாளில் மிகுதியாகவும் கூடிய நாளில் ஒன்றுமில்லாமலும் செய்யாமல், முன்பே வகுத்த அளவை அனுசரித்துப் படிப்படியாகக் கூட்டுவதே இம்முறையின் உயிர்நாடி.

சீனத்தின் பழைய வைத்திய மரபில் பிறந்த அக்குபங்சர் வேறு வகையது. குப்புறப் படுத்த நோயாளியின் வயிற்றடியில் தலையணை வைத்து, தலைமயிரை ஒத்த மெல்லிய எஃகு ஊசிகளை இடுப்பிலும் முழங்காலின் பின்புறத்திலும் செலுத்தி, மந்தமான ஒரு கனம் உணரப்படும்வரை திருகி, இருபது முப்பது நிமிடங்கள் விட்டுவைப்பர். ‘சி’ என்னும் பிராண சக்தி ஓடும் பாதைகளைப் பற்றிய மரபுக் கொள்கைக்கு உடற்கூற்று இயலில் ஆதாரம் கிடைக்கவில்லை.

அக்குபங்சரை, பயிற்சியும் அடங்கிய வழக்கமான சிகிச்சையோடு நேருக்கு நேர் நிறுத்திப் பார்த்த பெரிய ஆராய்ச்சி ஒன்று ஜெர்மனியில் நடந்தது. 2007இல் வெளியான அந்நாட்டு ஆராய்ச்சியில், சராசரி எட்டு ஆண்டுகளாக வலியுற்றிருந்த 1,162 பேர் மூன்று பிரிவினராக்கப்பட்டனர்: ஒரு பிரிவினருக்குச் சீன முறைப்படி ஊசி; மற்றொரு பிரிவினருக்கு அக்குபங்சர் புள்ளிகளல்லாத இடங்களில் மேலாகக் குத்திய போலி ஊசி; மூன்றாம் பிரிவினருக்கு மருந்தும் பிசியோதெரபியும் பயிற்சியும் கலந்த வழக்கமான சிகிச்சை. ஆறு மாதம் கழித்துக் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டோர் முறையே 47.6, 44.2, 27.4 சதவீதத்தினர். ஊசி வழக்கமான சிகிச்சையை வென்றது. ஆயின் போலி ஊசியை அது வெல்லவில்லை. குத்தும் இடம் எதுவாயினும் பயன் ஏறக்குறைய ஒன்றே என்றால், அப்பயனில் பெரும்பகுதி நோயாளியின் எதிர்பார்ப்பிலிருந்தும், ஒருவர் அக்கறையோடு அருகிருந்து தொட்டுச் செய்யும் உபசாரத்திலிருந்தும் பிறக்கிறது என்றே கொள்ளத் தோன்றுகிறது. மூன்றாம் பிரிவினர் தமக்குப் புதிதாக ஒன்றும் கிடைக்கவில்லை என்று அறிந்தே இருந்தனர் என்பதையும் மறக்கலாகாது. எனினும் ஜெர்மானியக் காப்புறுதி அமைப்பு, தேறியவர் தேறியவரே என்று கருதி, 2007 ஜனவரி முதல் நாட்பட்ட முதுகு வலிக்கான அக்குபங்சர் செலவை ஏற்றது.

பிரிட்டனோ ஒன்றுக்கொன்று முரண்பட்ட முடிவுகளுக்கு வந்தது. அதன் தேசிய வழிகாட்டுக் குழு 2009இல் பத்து அமர்வுவரை அக்குபங்சரைச் சிபாரிசு செய்து, 2016இல், போலி ஊசியைக் காட்டிலும் மேலான பயன் நிறுவப்படவில்லையென்று அதனை விலக்கிற்று. உடற்பயிற்சியை இரு முறையும் விடவில்லை. அமெரிக்க முதியோர் காப்புறுதித் திட்டமோ 2020இல் தொண்ணூறு நாளில் பன்னிரண்டு அமர்வுகளுக்குப் பணம் தர இசைந்தது. 2023 டிசம்பரில் உலக சுகாதார ஸ்தாபனம் இரண்டையும் ஏற்புடையவையென்று கூறி, இடுப்புப் பட்டையையும் இழுவைச் சிகிச்சையையும் விலக்கியது. ஊசியைப்பற்றி இத்தனை கருத்து வேற்றுமை இருக்க, பயிற்சி வேண்டும் என்பதில் இவ்வறிவுரைகள் ஒன்றுபட்டு நிற்பது கவனிக்கத்தக்கது.

ஆதலால் தேர்வு கடினமன்று என்பதே இக்கட்டுரையாளரின் அபிப்பிராயம். பயிற்சிச் சிகிச்சையே மூலம். அதன் பயனும் பெரிதென்று சொல்லமுடியாத நடுத்தரமானதேயாயினும், நோயாளி அதைக் கற்றுக்கொண்டு, வைத்தியரை விட்டு வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம். வலியின் மிகுதியால் பயிற்சியைத் தொடங்கவே இயலாதவர், மருந்து ஒவ்வாதவர், பயிற்சி செய்தும் போதிய நிவாரணம் காணாதவர் ஆகியோர் அக்குபங்சரைத் துணையாகக் கொள்வதில் பிழையில்லை. பயிற்சியைக் கைவிட்டு ஊசியை மட்டும் நம்புவதே பிழை.

ஊசிச் சிகிச்சைக்குச் செல்வோர், ஒருமுறையே உபயோகித்து எறியும் ஊசியின் உறை தம் கண்ணெதிரில் பிரிக்கப்படுவதைப் பார்க்க வேண்டும். இரத்தம் உறையாமைக்கு மருந்து உட்கொள்வோர் அதை முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். பத்து அமர்வுகளுக்குப் பின்னும் நடையிலோ தூக்கத்திலோ வேலையிலோ முன்னேற்றம் காணாவிட்டால், மேலும் பணம் செலவிடாமல் அதை நிறுத்திவிடலாம். பயிற்சியை நிறுத்த வேண்டாம்.