இரண்டு முறை தோற்ற வாதம்

காலை நடை முடிந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் ஈரான் பேச்சுதான். "மின்சாரத்துக்குத்தான் என்றால் 60 சதவீதம் எதுக்கு சார்?" என்பார் ஒரு நண்பர். "ஈராக்கையும் இப்படித்தானே சொன்னார்கள், கடைசியில் என்ன கிடைத்தது?" என்பார் இன்னொருவர். பிறகு இருவரும் என்னைப் பார்ப்பார்கள். நான் வாயைத் திறப்பதில்லை. இதே வாதத்தில் இரண்டு முறை தோற்றவன் நான்.

முதலில் அந்தச் சதவீதக் கணக்கைப் பார்த்துவிடுவோம். மண்ணிலிருந்து எடுக்கும் யுரேனியத்தில் ஆயிரம் அணுவுக்கு ஏழுதான் எளிதில் பிளக்கும் வகை. அதற்கு யுரேனியம்-235 என்று பெயர். மற்ற 993-ஐக் கழித்துக்கொண்டே போவதுதான் செறிவூட்டல். 800-ஐக் கழித்தால் மீதி 200-ல் 7, அதாவது 3.5 சதவீதம். மின் உலைக்கு அது போதும். இன்னும் 165 போனால் 35-ல் 7, அது 20 சதவீதம். மேலும் 23 போனால் 12-ல் 7, ஏறக்குறைய 60. அதற்கு மேல் நாலே நாலு போனால் 8-ல் 7, குண்டுக்கான 90-ஐ நெருங்கிவிடும். பெரும்பாடு முதல் படியிலேயே முடிந்துவிடுகிறது. ஆகவே ஒரு நாட்டால் முடியுமா என்பதைச் சதவீதம் சொல்லும். செய்வார்களா என்பதை அது சொல்லாது.

என் முதல் தோல்வி தென்னாப்பிரிக்கா. 1970-ல் பிரதமர் வோர்ஸ்டர், சமாதான நோக்கத்துக்காகப் புதிய செறிவூட்டல் முறை ஒன்றைக் கண்டிருக்கிறோம் என்று நாடாளுமன்றத்தில் அறிவித்தார். பிரிட்டோரியா பக்கத்தில் வாலிண்டபா என்ற இடத்தில் ஆலை எழுந்தது. 'இதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை' என்பது அந்தப் பெயருக்குப் பொருளாம்! 1977-ல் கலஹாரிப் பாலைவனத்தில் அவர்கள் சோதனைக் குழிகள் தோண்டியிருப்பதை சோவியத் செயற்கைக்கோள் கண்டுபிடித்தது. குண்டு செய்யும் எண்ணமே இல்லை என்று அமெரிக்காவுக்கு உறுதி சொன்னார்கள். 'எல்லாம் பூச்சாண்டி, கையில் ஒன்றும் இருக்காது' என்று நானும் அலுவலகத்தில் அடித்துப் பேசினேன்.

1993 மார்ச் 24 அன்று அதிபர் டி கிளர்க் நாடாளுமன்றத்தில், ஆறு அணுகுண்டுகள் வைத்திருந்தோம், பிரித்துப் போட்டுவிட்டோம் என்றார். இதில் வேடிக்கை, எரிபொருள் காரணமும் முழுப் பொய்யில்லை. அவர்களுடைய ஆராய்ச்சி உலைக்கு அமெரிக்கா எரிபொருளை நிறுத்தியபோது, அதே ஆலையில்தான் 45 சதவீத யுரேனியம் செய்துகொண்டார்கள். ஒரே ஆலையில் இரண்டு நோக்கங்கள்! உண்மையில் எல்லாவற்றையும் பிரித்துவிட்டார்களா என்பதை சர்வதேச அணுசக்தி முகமையின் பரிசோதகர்கள், ஆலையின் பழைய பதிவேடுகளைக் கூட்டிக் கழித்துத்தான் உறுதி செய்தார்கள்.

அதன் பிறகு நான் சூடு கண்ட பூனை. 2003 பிப்ரவரியில், ஈராக் வாங்கிய அலுமினியக் குழாய்கள் யுரேனியம் செறிவூட்டத்தான் என்று அமெரிக்க வெளியுறவு அமைச்சர் கோலின் பவல் ஐ.நா. சபையில் சொன்னபோது உடனே நம்பினேன். மார்ச் 7 அன்று முகமையின் தலைவர் எல்பராதேய், ஈராக் அணு ஆயுதத் திட்டத்தை மீண்டும் தொடங்கியதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்றார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை, நானும்தான். இரண்டு வாரத்துக்குள் போர் தொடங்கிவிட்டது. அந்தக் குழாய்கள் சாதாரண ராக்கெட்டுகளுக்கானவை என்பது பிறகு தெளிவாயிற்று. அதற்குள் எத்தனை உயிர்கள் போயின!

இப்போது ஈரான். 2015 ஒப்பந்தத்தின்படி 3.67 சதவீதத்தைத் தாண்டுவதில்லை என்று ஒப்புக்கொண்டது, பரிசோதகர்களையும் உள்ளே விட்டது. 2018-ல் அமெரிக்கா விலகியது. 2021 ஏப்ரலில் ஈரான் 60-ஐ எட்டியது. எந்த மின் உலைக்கும் 60 தேவையில்லை. புஷேர் உலைக்கு ரஷ்யாவே எரிபொருள் தருகிறது. ஆக, முதல் நண்பரின் கேள்வி நியாயமானது. ஆனால் பேரம் பேசுவதற்காகவும் ஒரு நாடு ஏற்றிக் காட்டலாம். எனவே இரண்டாமவரின் தயக்கமும் நியாயமே. 2025 ஜூனில் முகமையின் கணக்குப்படி 60 சதவீதச் சரக்கு சுமார் 440 கிலோ. அதே மாதம் நத்தான்ஸ், ஃபோர்டோ, இஸ்ஃபஹான் மீது குண்டுகள் விழுந்தன. அடுத்த மாதம் பரிசோதகர்கள் நாட்டைவிட்டு வெளியேறினார்கள். மாதக்கணக்கில் அந்தச் சரக்கை அவர்களால் நேரில் பார்க்க முடியவில்லை. எனக்குக் கவலை தருவது அந்த 60-ஐவிட இதுதான்.

நாளைக்கு பெஞ்சில் நண்பர்கள் கேட்டால் பதில் வைத்திருக்கிறேன். 'இல்லை' என்றவரை நம்பி ஒருமுறை ஏமாந்தேன், 'இருக்கிறது' என்றவரை நம்பி மறுமுறை ஏமாந்தேன். இரண்டு முறையும் சரியாகச் சொன்னவர், உள்ளே போய் எண்ணிப் பார்த்தவர்தான். அவரை முதலில் உள்ளே விடட்டும், பிறகு வாதாடுவோம்.