கிரீடம் வீடு வீடாகப் போகும்

சான் ஹோசேயில், 101 நெடுஞ்சாலையைத் தொடுவதற்குச் சற்று முன்னால், கிழக்கு சாண்டா கிளாரா தெருவில் ஐந்து காயங்கள் கோயில் இருக்கிறது. போர்த்துக்கீசியர் கட்டியது. 1915-ல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த உலகக் கண்காட்சியில் போர்த்துக்கல் நாட்டு அரங்கமாக நின்ற கட்டடத்தின் மரங்களை வாங்கி வந்து எழுப்பினார்கள். 1919-ல் அர்ச்சிப்பு நடந்தது. ஊரிலிருந்து யார் வந்தாலும் கோபுரத்தை அண்ணாந்து பார்க்கிறார்கள். நான் அவர்களைப் பக்கத்துக் கூடத்தின் சமையல்கட்டுக்கு அழைத்துப் போவேன். இந்த மக்களின் கதை அங்கேதான் கொதித்துக்கொண்டிருக்கிறது.

தூய ஆவித் திருவிழாவுக்கு முந்தைய இரவு முழுக்க அங்கே அடுப்பு அணையாது. ஆள் உயர அண்டாக்களில் மாட்டிறைச்சி வேகும். பட்டை, சீரகம், பூண்டு, ஒயின் எல்லாம் சேர்ந்த வாசனை வாகன நிறுத்தம் வரை வரும். மறுநாள் மதியம் அகன்ற தட்டுகளில் ரொட்டித் துண்டுகளை அடுக்கி, மேலே ஒரு கொத்துப் புதினாவை வைத்து, கொதிக்கிற சாற்றை ஊற்றுகிறார்கள். புதினா அந்தச் சூட்டில் சுருண்டு மணம் விட்ட பிறகுதான் தட்டு பந்திக்கு வரும். இதற்கு சோப்பாஸ் என்று பெயர். வருகிறவர் யார், எந்த மதம், எத்தனை பேர் என்று யாரும் கேட்பதில்லை. காசும் வாங்குவதில்லை. தூத்துக்குடிப் பக்கம் கோயில் அசனத்தில் உட்கார்ந்து வளர்ந்த எனக்கு முதல் தட்டிலேயே இது பிடிபட்டுவிட்டது: நேர்ச்சைச் சோற்றுக்கு விலை கிடையாது.

அந்த நேர்ச்சை இசபெல் அரசியுடையது என்கிறார்கள். 1282-ல் தினிஸ் மன்னரை மணந்து போர்த்துக்கலுக்கு வந்தவர். 1625-ல் புனிதர் பட்டம் பெற்றவர். நாட்டில் கடும் பஞ்சம் வந்தபோது, மக்கள் பிழைத்தால் என் கிரீடத்தையே தூய ஆவிக்குத் தருகிறேன் என்று வேண்டிக்கொண்டாராம். தானியக் கப்பல்கள் வந்தன. அரசி ஓர் ஏழையை அழைத்து, தன் கிரீடத்தை அவன் தலையில் வைத்து, ஏழைகளை உட்காரவைத்துப் பரிமாறினார். இது மக்கள் சொல்லி வந்த கதை. ஆனால் ஏழையின் தலையில் கிரீடம் ஏறியது என்ற அந்த ஒரு செய்தியை அசோரஸ் தீவுக்காரர்கள் இறுகப் பிடித்துக்கொண்டார்கள்.

லிஸ்பனுக்கு மேற்கே ஏறக்குறைய 1,500 கிலோமீட்டர் தள்ளி அட்லாண்டிக்கில் கிடக்கும் 9 தீவுகள் அசோரஸ். நிலநடுக்கமும் எரிமலையும் தீவுக்காரர்களை விட்டதில்லை. 1522-ல் ஒரே இரவில் விலா ஃப்ராங்கா என்ற ஊர் மண்ணுக்குள் போனது. இப்படிப்பட்ட மண்ணில், மன்னரும் மாநகரமும் எட்டாத தூரத்தில், ஊருக்கு ஊர் சகோதர சபைகள் அமைத்து இந்த விழாவைத் தாங்களே நடத்தினார்கள். கிரீடத்தை வைக்கச் சின்னச் சின்ன மண்டபங்கள் கட்டினார்கள். தெர்சேய்ரா தீவில் அவை நீலமும் மஞ்சளும் சிவப்புமாக இன்றும் நிற்கின்றன. பூசை வைக்கக் குருவானவர் வேண்டும். ஆனால் கிரீடம், கணக்கு, சமையல் மூன்றும் சபையின் கையில். அதனால்தான் கடல் கடந்தபோது இந்த விழாவும் கூடவே போக முடிந்தது. பங்குத்தந்தை வரட்டும், கோயில் கட்டட்டும் என்று காத்திருக்க வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை. ஒரு கிரீடமும் ஒரு அண்டாவும் போதும்.

அவர்களைக் கடல் கடத்தியது திமிங்கிலம். அமெரிக்காவின் நியூ பெட்ஃபோர்டிலிருந்து கிளம்பிய வேட்டைக் கப்பல்கள் ஃபயால் தீவின் ஓர்தா துறைமுகத்தில் நின்று தண்ணீரும் காய்கறியும் ஆட்களும் ஏற்றிக்கொள்ளும். கட்டாய ராணுவச் சேவைக்கு அஞ்சிய பையன்கள் இரவோடு இரவாக ஏறிவிடுவார்கள். 1849-ல் கலிஃபோர்னியாவில் தங்கம் என்ற சேதி கேட்டு சான் பிரான்சிஸ்கோவில் குதித்து இறங்கியவர்கள் பலர். தங்கத்தைவிட நிலம்தான் அவர்களுக்கு வாய்த்தது. சான் லியாண்ட்ரோவில் தோட்டம், பிறகு சான் வாக்கின் பள்ளத்தாக்கில் பால் பண்ணை, தெற்கே சான் டியேகோவில் சூரை மீன்பிடிப்பு.

எங்கள் கரைக்கு 1530-களில் வந்த போர்த்துக்கீசியர் வேறு. பீரங்கியோடும் அரச முத்திரையோடும் வந்தவர்கள் அவர்கள். எங்கள் முன்னோருக்கு ஞானஸ்நானமும் பெயரும் அவர்கள் காலத்தில் வந்தவை. கலிஃபோர்னியாவுக்கு வந்தவர்கள் அதே மொழி பேசிய, கையில் ஒன்றுமில்லாத தீவுக்காரர்கள். அடுத்தவன் மாட்டைக் கறந்து கூலி சேர்த்து, மாடு வாங்கி, பிறகு நிலம் வாங்கினார்கள்.

மாடு மிதித்தோ கடலில் விழுந்தோ ஒருவன் செத்தால் மனைவி மக்களுக்கு யார்? 1880-ல் சான் லியாண்ட்ரோவில் ஒரு சங்கம், 1889-ல் மிஷன் சான் ஹோசேயில் தூய ஆவியின் பெயரிலேயே ஒன்று, 1898-ல் ஓக்லாந்தில் இசபெல் அரசியின் பெயரில் பெண்கள் தொடங்கிய ஒன்று. உறுப்பினர் இறந்தால் மற்றவர்கள் போட்ட பணம் குடும்பத்துக்குப் போகும். பந்தியில் பரிமாறிய அதே கைகள்தான் இந்தப் பணத்தையும் சேர்த்தன. திருவிழாவை ஆட்டம் பாட்டம் என்று ஒதுக்கிவிட்டுக் குடியேற்ற வரலாறு எழுதுகிறவர்கள் இந்த முடிச்சைத் தவறவிடுகிறார்கள் என்பது என் ஆதங்கம்.

1924-ன் குடியேற்றச் சட்டம் கதவை ஏறக்குறைய மூடியது. இங்கே பிறந்த பிள்ளைகள் ஆங்கிலத்துக்குப் போனார்கள். விழாவும் மாறியது. இசபெல் அரசியாக வேடமிடும் பெண்ணுக்கு வெல்வெட் மேலங்கி வந்தது. தரையில் பல அடி புரளும் அந்த அங்கியில் புறாவும் கிரீடமும் மணி கோத்துத் தைக்கிறார்கள். செலவு ஆயிரக்கணக்கான டாலர். ஊருக்கு ஊர் வெவ்வேறு ஞாயிறு வைத்துக்கொண்டு ராணிகள் ஒருவர் விழாவுக்கு ஒருவர் போகிறார்கள். 1957-ல் ஃபயால் கரையோரம் கப்பெலின்யோஸ் எரிமலை வெடித்து வயல்களைச் சாம்பல் மூடியது. மறு ஆண்டு செனட்டர்கள் பாஸ்டோரும் கென்னடியும் முன்னின்று கொண்டுவந்த சட்டத்தால் ஆயிரக்கணக்கான தீவுக்காரர்கள் அமெரிக்கா வந்தார்கள். அவர்களால் விழாவுக்குப் புது ரத்தம் பாய்ந்தது.

விழாவை ஒட்டிக் காளைச் சண்டையும் உண்டு. அதே 1957-ல் கலிஃபோர்னியா காளைச் சண்டையைத் தடை செய்தது. மதத் திருவிழாவை ஒட்டி, ரத்தம் சிந்தாமல் நடத்தினால் மட்டும் விலக்கு. அதனால் கஸ்டைன் போன்ற பால் பண்ணை ஊர்களில் காளையின் முதுகில் வெல்க்ரோ பட்டை கட்டி, முனையில் வெல்க்ரோ வைத்த குச்சிகளை ஒட்டுகிறார்கள்.

இவையெல்லாம் வெளியே தெரிவது. என் மனதுக்கு நெருக்கமானது வீட்டுக்குள் நடப்பது. உயிர்ப்பு ஞாயிறுக்குப் பிறகு 7 வாரம், வாரத்துக்கு ஒரு வீடாகக் கிரீடம் போய்த் தங்கும். எங்கள் தெருவில் தெர்சேய்ராக்கார அம்மா ஒருவர் வீட்டுக்கு ஒரு வருடம் அது வந்தது. தொலைக்காட்சியை நகர்த்திவிட்டு அந்த இடத்தில் வெள்ளைத் துணி விரித்த படிகள். மேல்படியில் வெள்ளிக் கிரீடம். அதன் வளைவுகள் உச்சியில் ஓர் உருண்டையில் கூட, உருண்டைமேல் இறக்கை விரித்த புறா. பக்கத்தில் செங்கோல், அதன் நுனியிலும் ஒரு புறா. தினமும் மாலையில் அக்கம்பக்கத்தார் கூடிச் செபமாலை சொன்னோம். முடிந்ததும் காப்பியும், முட்டை நிறையப் போட்ட இனிப்பு ரொட்டியும் கொடுத்தார். ஆயுள் முழுக்கப் பழப் பதனிடும் ஆலையில் நின்று வேலை செய்தவர் அவர். அந்த வாரம் கிரீடத்துக்கு முன்னால் பூ மாற்றவும் திரி ஏற்றவும் அவருக்கே உரிமை. பங்குத்தந்தை வந்தாலும் விருந்தாளிதான்.

அடுத்த வருடம் எந்தெந்த வீடு என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்கிறார்கள். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் கொடுக்கலாம். கோயிலைச் சுற்றி இப்போது மெக்சிகோக்காரரும் வியட்நாமியரும் நிறைய. பந்தியில் அவர்களும் உட்காருகிறார்கள். பால் பண்ணைக்காரர்களில் சிலர் வழக்கம்போல மாடு நேர்ந்து கொடுக்கிறார்கள். கறி வெட்ட, ரொட்டி அறுக்க ஆள் தேவை என்று கூடத்தில் தாள் ஒட்டியிருந்தார்கள். ரொட்டி அறுக்கும் வரிசையில் என் பெயரையும் எழுதியிருக்கிறேன்.