குருத்தோலையும் கழுதைக் குட்டியும்

ஈஸ்டர் பெருநாளுக்கு முந்திய ஞாயிறன்று கிறிஸ்தவர்கள் கையில் ஓலையேந்திப் பவனி செல்வதைக் கண்டிருப்பீர்கள். குருத்தோலை ஞாயிறு என்பது அந்நாளின் பெயர். இயேசுநாதர் எருசலேம் நகருக்குள் புகுந்ததை அது நினைவூட்டுகிறது. ஆயின், அவ்வோலையின் வரலாற்றை அறியாதார்க்கு அந்நாளின் பொருள் பாதியே விளங்கும்.

நற்செய்தி நூல்கள் நான்கனுள் யோவான் எழுதியது ஒன்றே பேரீச்ச ஓலை எனப் பெயர் சுட்டுகிறது. மத்தேயுவும் மாற்கும் கிளை, தழை என்பதோடு நிற்கின்றனர். லூக்கா ஆடைகளை வழியில் விரித்ததை மட்டுமே கூறுகிறார். யோவான் சொன்ன அவ்வோலை யூதர்க்கு வெறுந் தழையன்று. கி.மு. 141-இல் மக்கபேயர் குலத்துச் சீமோன், செலூக்கிய அரசரின் படையை எருசலேம் கோட்டையினின்று அகற்றியபோது, மக்கள் பேரீச்ச ஓலை ஏந்தியே உள்ளே புகுந்தனர். ரோமரும் வெற்றி பெற்றோர்க்கு அவ்வோலையையே அளித்தனர். அந்த ரோமரின் ஆட்சியில் நொந்திருந்த மக்கள், பாஸ்கா விழா நெருங்கிய வேளையில், ஒருவரை அவ்வோலையோடு எதிர்கொண்டனர். அது விளையாட்டன்று, விடுதலை வேட்கை.

அவர் ஏறி வந்ததோ கழுதைக் குட்டி. அச்சொல்லை வகுப்பறையில் வசையாகக் கேட்டுப் பழகிய மாணவர் அதனை இழிவின் சின்னமாகவே கொள்வர். அது பொருந்தாது. பண்டை இஸ்ரவேலில் நியாயாதிபதிகளின் மைந்தர் கழுதை ஏறினர்; சாலொமோன் முடிசூடச் சென்றது தாவீதின் கோவேறு கழுதைமீது. போருக்கு உரியது குதிரை. குதிரையும் போர்வில்லும் ஒழிய, அமைதி கூறும் அரசர் கழுதைமேல் வருவார் என்பது சகரியா தீர்க்கதரிசியின் வாக்கு. ஆகவே, தாம் அரசர் என்பதை இயேசு மறுக்கவில்லை. வாளேந்தும் அரசர் என்பதையே மறுத்தார். மக்கள் ஓலையால் கேட்டது ஒன்று. அவர் ஊர்தியால் உரைத்த விடை வேறு. அந்நாளின் ஆன்மிகப் பொருள் இம்முரணில்தான் இருக்கிறது என்பது என் துணிபு.

4-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மேலை நாட்டினின்று எருசலேம் சென்ற எகேரியா என்னும் பெண்மணி, அங்கு நிகழ்ந்த பவனியை எழுதி வைத்தார். அவ்வேட்டின் படி 1884-இல் இத்தாலியில் கிடைத்தது. ஆயர் ஒலிவ மலையினின்று இறங்கி வர, குழந்தைகள் பேரீச்ச ஓலையும் ஒலிவக் கிளையும் ஏந்தி உடன் வந்தனராம். நடக்கவியலாப் பாலரைப் பெற்றோர் தோளில் சுமந்தனர். உயர்குடியினரும் நடந்தே சென்றனர். மக்கள் களைப்புறாவண்ணம் மெல்ல மெல்ல நடந்ததால், கோயிலைச் சேர நெடுநேரம் ஆயிற்று.

பேரீச்சை வளராத ரஷ்யாவிலும் போலந்திலும் வில்லோ மரக்கிளையை ஏந்துவர். நம் நாட்டில் தென்னங்குருத்து. கத்தோலிக்கர் அவ்வோலைகளை உலரவைத்து, மறு ஆண்டு எரித்து, திருநீற்றுப் புதனன்று அச்சாம்பலை நெற்றியில் இட்டுக்கொள்வர்.