சாக்கெட் ஒண்ணுதான், ஆனா பொருந்தாது

போன மாசம் சித்தி பையன் போன் பண்ணினான். 2017-ல் நான் அவனுக்குச் சேர்த்துக் கொடுத்த கேமிங் கம்ப்யூட்டர் இப்போது திணறுகிறதாம். ரைசன் 5 1600 பிராசசர், பி350 மதர்போர்டு, 16 ஜிபி டிடிஆர்4 ரேம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற்கும் பிராசசர் பட்டியலில் 1600 இல்லை. கடையில் கேட்டதற்கு, "போர்டு, பிராசசர், ரேம், மூணையும் மாத்தணும்" என்றார்களாம்.

"அண்ணா, நிஜமாவே போர்டை மாத்தணுமா?"

பட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. பழைய குறிப்புகளைப் புரட்ட ஆரம்பித்தேன். ஒரு போர்டில் ஒரு பிராசசர் பொருந்துமா என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? முப்பது வருஷத்தில் இதற்கான பதில் பலமுறை மாறியிருக்கிறது.

எல்லோருக்கும் ஒரே சாக்கெட்

1990-களின் நடுவில் சாக்கெட் 7 என்று ஒன்று இருந்தது. இன்டெல்லின் பென்டியம், ஏஎம்டியின் கே6, சைரிக்ஸின் 6எக்ஸ்86 எல்லாம் அதில் உட்காரும். போர்டில் ஜம்பரை மாற்றி வோல்டேஜையும் வேகத்தையும் சரியாக வைத்தால் போதும் (அந்த வோல்டேஜை உங்கள் போர்டு தர வேண்டும், அவ்வளவுதான்). போர்டை வைத்துக்கொண்டே கம்பெனி மாறலாம். இன்றைக்கு நினைத்துப் பார்க்கக்கூட முடியாத வசதி!

1997-ல் பென்டியம் 2 வந்தபோது இது முடிவுக்கு வந்தது. பிராசசர் ஒரு கேட்ரிட்ஜுக்குள் போய், ஸ்லாட் 1 என்ற நீளமான துளையில் செருகப்பட்டது. கேஷ் மெமரி சிப்களையும் பிராசசரையும் ஒரே சின்ன போர்டில் பக்கத்தில் பக்கத்தில் வைக்க அது உதவியது. அது தொழில்நுட்பக் காரணம். கூடவே இன்னொன்றும் நடந்தது. பிராசசரும் போர்டும் பேசிக்கொள்ளும் பாதைக்கு, அதாவது பஸ்ஸுக்கு, இன்டெல்லிடம் காப்புரிமை இருந்தது. ஏஎம்டி உள்ளே வர முடியவில்லை.

ஏஎம்டி பழைய வீட்டிலேயே தங்கி அதற்கு வெள்ளையடித்தது. 66 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸை 100-க்கு உயர்த்தி, ஏஜிபி கிராபிக்ஸ் கார்டுக்கு இடம் கொடுத்து, 1998-ல் சூப்பர் சாக்கெட் 7 என்று பேர் வைத்தார்கள். அடுத்த வருஷம் ஆத்லான் பிராசசரோடு ஸ்லாட் ஏ வந்தது. வேடிக்கை என்னவென்றால், அது ஸ்லாட் 1-இல் இருந்த அதே கனெக்டர்தான், திருப்பி வைத்தது! உள்ளே ஓடிய பஸ் மட்டும் டெக் கம்பெனியின் ஆல்ஃபா பிராசசருக்காக உருவானது. அதற்குப் பிறகு நம்மைப் போன்றவர்களுக்குப் போர்டு வாங்குவது என்றால் கட்சி சேருவது மாதிரிதான்.

துளை பொருந்தினால் போதாது

சரி, ஒரே கம்பெனி, ஒரே சாக்கெட் என்றால் பிரச்சினை இல்லையே? இருந்தது.

2004-ல் வந்த எல்ஜிஏ 775 சாக்கெட்டில்தான் 2006-ல் கோர் 2 டுயோவும் வந்தது. ஆனால் பழைய 775 போர்டுகள் பலவற்றில் அது ஓடாது. அவற்றின் சிப்செட்டும், பிராசசருக்கு மின்சாரம் தரும் பகுதியும் அதற்காகச் செய்யப்படவில்லை. இது நியாயமான காரணம்.

2017 கதை வேறு. ஜனவரியில் இசட்270 போர்டுகள் வந்தன. அக்டோபரில் காஃபி லேக் பிராசசர்கள் வந்தன. சாக்கெட் அதே எல்ஜிஏ 1151. ஆனால் இசட்370 போர்டு வேண்டும் என்றது இன்டெல். கோர்கள் கூடியிருப்பதால் மின்சாரம் போகும் வழியை மாற்றியிருக்கிறோம் என்பது விளக்கம். ஆர்வலர்கள் சும்மா இருப்பார்களா? பயாஸைத் திருத்தி, தேவைப்பட்டால் சில காண்டாக்ட்களை டேப் ஒட்டி மறைத்து, பழைய போர்டிலேயே ஓட்டிக் காட்டினார்கள். தொழில்நுட்பம் எங்கே முடிகிறது, வியாபாரம் எங்கே தொடங்குகிறது என்று கேட்க வைத்த சம்பவம் அது.

16 மெகாபைட்

அதே 2017-ல்தான் ரைசனும் வந்தது. ஏஎம்4 சாக்கெட்டை 2020 வரை மாற்ற மாட்டோம் என்று ஏஎம்டி வாக்குக் கொடுத்தது. அதை நம்பித்தான் தம்பிக்கு அந்த போர்டை வாங்கினேன்.

வாக்கைக் காப்பாற்றுவதும் லேசாக இல்லை. கடையில் இருக்கும் போர்டில் பழைய பயாஸ். புது பிராசசர் அதில் ஸ்டார்ட் ஆகாது. பயாஸை அப்டேட் செய்யப் பழைய பிராசசர் வேண்டும்! இதற்காக ஏஎம்டி வாடிக்கையாளர்களுக்கு ஒரு பிராசசரைக் கடனாக அனுப்பி வைத்ததும் உண்டு. அடுத்த தலைவலி, பல போர்டுகளின் பயாஸ் சிப்பில் 16 மெகாபைட் இடம்தான். ஒவ்வொரு தலைமுறை பிராசசருக்கும் தேவையான தகவல் சேரச் சேர இடம் போதவில்லை. புதியதை ஏற்றப் பழையதைக் கழற்ற வேண்டியிருந்தது.

2020 மே மாதம், அடுத்த ரைசன் 400 வரிசை போர்டுகளில் ஓடாது என்று அறிவிப்பு வந்தது. பயனர்கள் கொதித்துப் போனார்கள். இரண்டே வாரத்தில் ஏஎம்டி பின்வாங்கி 400 வரிசைக்கு இடம் கொடுத்தது. 300 வரிசைக்கு அப்போதும் இல்லை. 2022 வசந்தத்தில்தான் அதற்கும் கதவு திறந்தது. அதே நேரம் ரைசன் 5 5600, 5800எக்ஸ்3டி பிராசசர்களும் கடைக்கு வந்தன. அந்த 16 மெகாபைட் சிப் கொஞ்சமும் பெரிதாகவில்லை. மாறியது கம்பெனியின் மனசுதான்.

தம்பிக்குச் சொன்னது

போர்டு தயாரித்த கம்பெனியின் தளத்தில் உன் மாடலைத் தேடு. அங்கே பிராசசர் பட்டியல் இருக்கும், எந்த பயாஸ் பதிப்பிலிருந்து ஓடும் என்பதோடு. பழைய பிராசசர் உள்ளே இருக்கும்போதே பயாஸை அப்டேட் செய். அதற்கு முன் குறிப்பைப் படி. சில பதிப்புகளுக்குப் போனால் திரும்பி வர முடியாது. விலை குறைந்த போர்டு என்பதால் 105 வாட் பிராசசர் வேண்டாம், 65 வாட் 5600 போதும். ரேம் அப்படியே இருக்கட்டும். ஏஎம்5 போர்டுக்குப் போனால்தான் டிடிஆர்5 வாங்க வேண்டும்.

அவன் போர்டு பட்டியலில் இருந்தது. பிராசசரை மட்டும் மாற்றினான்.

கடைக்காரர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. 2021-ல் இதே பி350 போர்டைக் காட்டி "ரைசன் 5000 ஓடுமா?" என்று கேட்டிருந்தால், அவர் சொன்ன பதில்தான் ஏஎம்டியின் பதிலும். அவர் பதில் தப்பில்லை, தேதிதான் பழசு.