கம்பியில்லாப் பெட்டியும் மண்டகப்பட்டுப் பாறையும்



வீடியோ காலில் என் முகம் அடிக்கடி உறைந்து நிற்பதாகச் சொல்கிறீர்கள். அதற்கும் ஒரு வரலாறு உண்டு.

1990-களில் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் 'கார்டெக்ட்' என்ற கம்பியில்லாத் தொலைபேசி முறையை உருவாக்கினார்கள். கிராமம்தோறும் கம்பி இழுக்க ஆகும் செலவைக் குறைத்து, பேச்சையும் இணையத்தையும் சேர்த்துக் கொடுப்பதே நோக்கம். சுமார் 10 கி.மீ. எட்டும். வேகம் நொடிக்கு 35 அல்லது 70 கிலோபிட்தான். 2001-இல் மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரக் கிராமங்களில் இதை வைத்தே இணைய மையங்கள் தொடங்கின.

அதற்கு ஒரு நிபந்தனை: கூரை ஆன்டெனாவுக்கும் கோபுரத்துக்கும் நடுவே மறைப்பு இருக்கக்கூடாது. எனவே முதலில் இடத்தைப் பார்க்க வேண்டும், பிறகுதான் கருவி.

இன்றைய பெட்டி பன்மடங்கு வேகமானது. ஆனால் எங்கள் வீட்டில் அதை மாட்டியவர் கோபுரம் எந்தத் திசை என்றுகூடக் கேட்கவில்லை. செங்கல், மரம், உலோகம், சுதை இல்லாமல் மகேந்திரவர்மன் கோயில் குடைந்த ஊர் இது. பாறை கோயிலுக்கு வழிவிட்டது, அலைக்கு விடாது!

பிள்ளைகளின் பாடமும் ஓய்வூதியரின் உயிர்வாழ் சான்றும் இன்று இணையத்திலும் உண்டு. ஆகவே பெட்டியைக் கோபுரம் நோக்கிய ஜன்னலருகே வையுங்கள்; இரும்பு பீரோ பக்கம் வேண்டாம். அப்படியும் அறுந்தால், தேதியிட்டுப் புகார் எழுதி எண் வாங்குங்கள். காசு கொடுக்கிறோம், கேட்பது நம் உரிமை.